மாமா கேட்டதுக்குப் பதில்

இயேசு மரி சூசை துணை

கீழ்வேளூர்
டிசம்பர் 3, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஃபிளோராவுக்கும் மாப்பிள்ளை ஜெரால்டுக்கும் அம்மா ஆரோக்கியம் எழுதுறது. அந்தக் குளிர் ஊர்ல உங்க ரெண்டு பேர் உடம்புக்கும் ஒரு குறையும் வரக்கூடாதுன்னு காலையிலயும் சாயந்தரமும் மாதாகிட்ட கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். இங்க நாங்க இருக்கோம். சுகமா இருக்கோம்னு எழுதணும், அதுதான் முறை, ஆனா உன் அண்ணன் ரெமி போனதிலேருந்து அந்த வார்த்தைக்குக் கை வர மாட்டேங்குது, அதனால இருக்கோம்னு மட்டும் எழுதுறேன், நீ புரிஞ்சுக்க. என்னடா அம்மா திடீர்னு பேப்பர்ல எழுதுறாளேன்னு பயந்துடாதே, யாருக்கும் ஒண்ணும் இல்லை. போன்ல பேசினா ஒண்ணு நீ டூட்டிக்குக் கிளம்புற அவசரத்துல இருக்கே, இல்லாட்டி தூங்கி எழுந்த முகத்தோட இருக்கே, நான் சொல்ல வந்ததை விட்டுட்டு சாப்பிட்டியான்னு கேட்டு வச்சிடுறேன். பேசி ரெக்கார்டு பண்ணி அனுப்புங்க அத்தைன்னு உன் அண்ணி சகாயமேரி சொன்னா, பட்டனை அமுக்கினதும் எனக்கு என்ன சொல்ல வந்தேன்னே மறந்துடுது. போன்லயே எழுதலாம்னு பாத்தா மூணு எழுத்துக்கு ஒரு தடவை விரல் வேற எங்கயோ போய் விழுது. நான் மூணாங்கிளாஸோட நின்னவ, அப்புறம் அறிவொளி வகுப்புல உக்காந்து திரும்பக் கத்துக்கிட்டவ, எனக்குப் பேனா பிடிச்சாத்தான் எழுத்து வரும். நாலு நாளா கொஞ்சம் கொஞ்சமா எழுதுறேன், அங்கங்க மை மாறியிருக்கும். தப்பும் இருக்கும். கடைசி வரி படிச்சு முடிக்கிற வரைக்கும் அதைப் பாக்காம இரு கண்ணு, அது ஒண்ணுதான் நான் கேக்குறது.

இங்க மழை நல்லாப் பேஞ்சுது, பின்பக்கம் ஓடு ரெண்டு நகந்து அடுப்படியில ஒழுகுது, ஆள் சொல்லியிருக்கு, வரேன் வரேங்குறான். சம்பா தூர் கட்டி நல்லாத்தான் நிக்குது. சகாயமேரி வழக்கம்போல துணிக்கடை வேலைக்குப் போய்ட்டு வரா, மெலிஞ்சுட்டா, ராத்திரி சாப்பாட்டை நான் தட்டுல போட்டு முன்னால வச்சாத்தான் சாப்பிடுறா. ரெமி பேர்ல வரவேண்டிய பணத்துக்கு எழுதிப்போட்டது இன்னும் முடியலை. அவன் பேர் ஞானஸ்நானப் புத்தகத்துல ஒரு மாதிரி இருக்கு, பள்ளிக்கூட சர்டிபிகேட்ல ஒரு மாதிரி, ஆதார்ல இன்னொரு மாதிரி. யாரைக் குத்தம் சொல்றது, ஒவ்வொரு இடத்துலயும் நாங்கதானே வாய்க்கு வந்தபடி சொல்லி எழுத வச்சோம். மூணும் ஒரே ஆள்தான்னு காட்டுறதுக்கு அந்தப் பொண்ணு மூணு தடவை ஆபீசுக்கு நடந்துட்டா. ஒவ்வொரு தடவையும் அங்க போய் என் புருஷன் இவர்தான், செத்தவர் இவர்தான்னு முதல்லேருந்து சொல்லணுமாம். இதை நான் ஐப்பசி மாசம் போன்ல சொன்னப்பதான் நீ சொன்னே, இதுக்குத்தாம்மா எழுத்து சரியா இருக்கணும்னு நான் அடிச்சுக்கிறேன், எங்க ஆஸ்பத்திரியில மருந்துச் சீட்டுல ஒரு புள்ளி இடம் மாறினா ஒரு உயிர் போயிடும்னு. மாப்பிள்ளை பின்னாலேருந்து சிரிச்சுக்கிட்டே, வாட்ஸ்அப் என்ன மருந்துச் சீட்டா, புரிஞ்சா போதாதான்னு கேட்டார். நீ விடலை. இப்படியே இங்கிலீஷ் எழுத்துலயும் பாதி எழுத்துலயும் எழுதிக்கிட்டுப் போனா நாளைக்குத் தமிழ்னு ஒண்ணு இருக்குமான்னு கேட்டே. ரெண்டு பேரும் என் காதுல வச்சே பத்து நிமிஷம் சண்டை போட்டீங்க. எனக்கு என்ன தெரியும்னு நான் அப்ப இருந்துட்டேன். இப்ப ஒண்ணு தெரிஞ்சிருக்கு, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

விஷயம் உன் மாமாவைப் பத்தினது. உங்க அப்பா போனப்ப உனக்கு ஏழு வயசு, ரெமிக்குப் பத்து. அன்னையிலேருந்து என் தம்பி அடைக்கலராஜ் இந்த வீட்டுக்கு என்னவா இருந்தான்னு நான் சொல்லி உனக்குத் தெரியவேண்டியது இல்லை. வாரத்துக்கு ரெண்டு தடவை சைக்கிளை வேலியில சாச்சுட்டு, அக்கா காபி இருக்கான்னு கேட்டுக்கிட்டே உள்ள வர்றவன். இந்தப் பத்து மாசமா அவன் அப்படி வரலை. முப்பதாம் நாள் பூசைக்கு வந்து கடைசி பெஞ்சுல நின்னான், சாப்பாட்டுக்கு உக்காராமப் போயிட்டான். அரிசி, காய், எப்பவாவது குளத்து மீன் எல்லாம் அவன் மக பிரின்ஸி கையில வரும், அவன் வரமாட்டான். கல்லறைத் திருநாளைக்கு நான் மெழுகுவத்தியோட போறதுக்கு முன்னாடியே ரெமி கல்லறையில புல்லைச் செதுக்கி, மண்ணை அணைச்சு, ரெண்டு மெழுகுவத்தி பாதி எரிஞ்சிருந்துச்சு. யார்னு கேக்கவேண்டியதே இல்லை, மண்வெட்டி வச்ச இடத்தைப் பாத்தாலே என் தம்பி கை எனக்குத் தெரியும். பிள்ளை இல்லாத வீட்டைப் பாக்க மனசு தாங்கலை, அதான் ஒதுங்கி இருக்கான்னு நானா ஒரு கணக்குப் போட்டுக்கிட்டு சும்மா இருந்துட்டேன்.

அதுக்கு முந்தியே ஒண்ணு நடந்துச்சு, அதையும் நான் தப்பாத்தான் புரிஞ்சுக்கிட்டேன். ரெமி ஆரம்பிச்ச நம்ம வாட்ஸ்அப் குரூப்புல, அடக்கம் எத்தனை மணிக்கு, பூசை எப்பன்னு தெரியறதுக்காக சொந்தக்காரங்க பதினஞ்சு இருபது பேரைச் சேத்தாங்க இல்லையா. எதிர்வீட்டு அம்சத்தையும் சேத்துட்டாங்க, அவ ரெண்டாம் நாள் காலையில துக்கம் நடந்த குரூப்புல ரோஜாப்பூ படம் போட்டு இனிய காலை வணக்கம்னு அனுப்பினா, அந்த வேதனையிலயும் சகாயமேரி தங்கச்சி சிரிச்சுட்டா. அப்புறம் ஒவ்வொருத்தரா வெளியில போனாங்க. அஞ்சாம் நாள் சகாயமேரி போனைப் பாத்துட்டு, அத்தை, ராசு சித்தப்பாவும் வெளியில போயிட்டாங்கன்னு சொன்னா. அவ உன் மாமாவை அப்படித்தானே கூப்பிடுவா, அவங்க வீட்டு முறைக்கு. நான் என்ன சொன்னேன் தெரியுமா, துக்க வீட்டுல போய்ட்டு வரேன்னு சொல்லிக்கிட்டுப் போகக்கூடாதும்மா, எழுந்தமா போனமான்னு இருக்கணும், ராசு முறை தெரிஞ்சவன், அதான் சொல்லாமப் போயிருக்கான்னு சொன்னேன். பெருமையா வேற சொன்னேன். போனுக்கு ஏது துக்க வீட்டு முறை. ஒருத்தன் மனசு ஒடஞ்சு எழுந்து போனதை நான் மரியாதைன்னு நெனச்சுக்கிட்டு, பின்னாலேயே போய்க் கூப்பிடாம பத்து மாசம் உக்காந்திருந்தேன்.

பிரின்ஸிக்குக் கல்யாணம் நிச்சயம் ஆனது உனக்குத் தெரியும், குத்தாலத்து மாப்பிள்ளை, நல்ல இடம். ரெமிக்கு வருஷம் திரும்பட்டும்னு பிப்ரவரி அஞ்சாம் தேதிக்கு வச்சிருக்கான். கோயில்ல மூணு ஞாயிறு கல்யாண ஓலை வாசிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு வீட்டாரும் சாமியார் ரூம்ல உக்காந்து கையெழுத்துப் போடணும் இல்லையா, அது போன மாசம் கடைசி ஞாயித்துக்கிழமை நடந்துச்சு. என்னையும் கூப்பிட்டிருந்தான், அதாவது பிரின்ஸி வந்து கூப்பிட்டா. மாப்பிள்ளையோட அப்பா அழகாக் கையெழுத்துப் போட்டார். ஃபாதர் பேனாவை உன் மாமா பக்கம் நீட்டினார். அவன் வாங்கலை. மை டப்பா இருக்கா ஃபாதர்னு கேட்டான். ஃபாதருக்கு முதல்ல புரியலை, நீங்க கையெழுத்துப் போடுவீங்களேன்னு கேட்டார், புதுப் பள்ளிக்கூடத்துக்கு இடம் எழுதினப்ப எனக்குப் பக்கத்துல நின்னு போட்டீங்களேன்னார். கண்ணு சரியில்லை ஃபாதர்னு சொல்லிட்டுக் குனிஞ்சுக்கிட்டான். கோயில் வேலை பாக்குற கோயில்பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு ஓடிப் போய் மை டப்பா எடுத்துக்கிட்டு வர்ற வரைக்கும் நாங்க அத்தனை பேரும் காத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். சம்பந்தி என் மூஞ்சியைப் பாக்குறார், நான் தரையைப் பாக்குறேன். உன் மாமா பெருவிரலை மையில தொட்டு மக ஓலையில உருட்டி வச்சான். பிரின்ஸி வெளியில தாழ்வாரத்துல போய் நின்னு அழுதா. என்னடி இது, உங்க அப்பாவுக்கு என்ன வந்துச்சுன்னு கேட்டேன். அப்பா எழுதுறதை விட்டு பத்து மாசம் ஆச்சு அத்தை, வங்கிக்கும் கைநாட்டு, உரக்கடைக்கும் கைநாட்டு, போன்ல ஒரு எழுத்து தொடுறது இல்லை, ரெமி அத்தான் செத்த நாலாம் நாள் மத்தியானம் பூரா மாட்டுக் கொட்டகையில உக்காந்து ஏதோ எழுதுச்சு, அதோட சரின்னு சொன்னா.

நான் வீட்டுக்கு வந்து சகாயமேரிகிட்ட குரூப்புல அந்த நாளுக்கு உள்ளதை எடுத்துக் குடுன்னு கேட்டேன். அவ விரலால தள்ளித் தள்ளி ஜனவரி கடைசிக்குப் போய் எடுத்துக் குடுத்துட்டு சோறு வடிக்கப் போயிட்டா. உனக்கு ஞாபகம் இருக்கும், ரெண்டாங்கிளாஸ் படிச்ச மனுஷனைப் போன்ல தமிழ் எழுத வச்சது நம்ம ரெமிதான். கரண்டு வந்துருச்சு, ஆத்துல தண்ணி வந்துருச்சு, மோட்டார் ஓடுது, இதுக்கு மேல அவன் எழுதினது கிடையாது. அன்னிக்கு மட்டும் போன் நிறைய எழுதியிருக்கான். நான் எழுத்துக் கூட்டிப் படிச்சேன், முக்கால் மணி நேரம் ஆச்சு. அவன் எழுதினது இதுதான். அக்கா ரெமியைப் போன் பண்ணி வரச் சொன்னது நான், மழை விட்டதும் வரேன் மாமான்னு சொன்னான், களத்துல நெல்லு நனையுதுடா தார்ப்பாயை எடுத்துக்கிட்டு இப்பவே வான்னு சொன்னதும் நான், அவன் அந்த நின்ன லாரியில போய் மோதுனதுக்கு நான்தான் காரணம், மூணு நாளா உன் பக்கத்துல நின்னேன், உன் மூஞ்சியைப் பாத்துச் சொல்ல முடியலை, சகாயமேரிகிட்டயும் சொல்ல முடியலை, என்னை என்ன செய்யணுமோ செய்யுங்க, பாப்பா நீயாவது மாமாவுக்கு ஒரு வார்த்தை சொல்லு. இவ்வளவுதான். அதுக்குக் கீழ ஏழு பேர் கும்பிடுற படம் போட்டிருந்தாங்க. ஒருத்தரும் படிக்கலை, பெரிசா இருந்துச்சு, எழுத்து இங்கயும் அங்கயும் கிடந்துச்சு, ஏதோ இரங்கல் எழுதியிருக்கார்னு கும்பிட்டுட்டுப் போயிட்டாங்க. அதுக்கும் கீழ உன்னோடது இருந்துச்சு. அவன் எழுதின அத்தனையும் ஒண்ணு விடாம, சுத்தமா, கமா புள்ளி எல்லாம் வச்சு, திருத்தினதுன்னு காட்டத் தலையில ஒரு நட்சத்திரம் போட்டு அனுப்பியிருந்தே. பாப்பான்னு உன்னைக் கூப்பிட்டு, நீயாவது ஒரு வார்த்தை சொல்லுன்னு கேட்டதையும் சரியா எழுதிக் குடுத்திருந்தே. வேற ஒரு வார்த்தை இல்லை.

கண்ணு, நான் உன்னைத் திட்டுறதுக்கு எழுதலை. நீயும் ரெமியும் அந்தக் குரூப்புல எப்படி இருந்தீங்கன்னு எனக்குத் தெரியாதா. அவன் தப்பாவே எழுதுவான், நீ நட்சத்திரம் போட்டுத் திருத்துவே. ஏன்டா இவ்வளவு படிச்சுட்டு இப்படி எழுதுறேன்னு ஒரு நாள் கேட்டேன், சரியா எழுதினா பதில் வர ரெண்டு நாள் ஆகுதும்மா, தப்பா எழுதினா அஞ்சு நிமிஷத்துல வந்துருதுன்னு சொல்லிச் சிரிச்சான். அப்படி இருந்தவன் இல்லாமப் போய் நாலாம் நாள், நீ லீவு கிடைக்காம அங்க ஒத்தையில உக்காந்து, அடக்கத்தையே பிரின்ஸி பிடிச்சிருந்த போன்ல பாத்தவ, உன் கை பழக்கத்துல தானா போயிருக்கும்னு முதல்ல நெனச்சேன். அப்புறம் சகாயமேரியை விட்டுப் பழசெல்லாம் தள்ளிப் பாத்தேன். அதுக்கு முன்னால நீ உன் மாமாவை ஒரு தடவைகூடத் திருத்தினது இல்லை. தண்ணியை எப்படி எப்படியோ எழுதுவான், நீ கட்டைவிரல் படம் போட்டுட்டுப் போயிடுவே. அப்ப நீ படிச்சுட்டுத்தான் பண்ணினியோன்னும் தோணுது. படிச்சியா, படிக்கலையான்னு நான் கேக்கலை. படிச்சு, கோவத்துல அப்படிப் பண்ணியிருந்தாலும் எனக்குப் புரியும். ஏன்னா அதைப் படிச்ச அன்னிக்கு எனக்கும் கோவம் வந்துச்சு. இப்பவே வான்னு சொல்லாம இருந்திருந்தா என் பிள்ளை இருந்திருப்பானேன்னு அடுப்புக்கு முன்னால உக்காந்து அவனை, கூடப் பொறந்தவனை, மனசுக்குள்ள என்னென்னவோ சொல்லிட்டேன். சகாயமேரி சாப்பிட்டு முடிச்சு அந்த மெசேஜைத் தானும் படிச்சா. போனைக் கவுத்து வச்சா. அப்புறம், யார் சொன்னா என்ன சொல்லாட்டி என்ன அத்தை, மழைன்னா அவர் எப்படியும் சித்தப்பா களத்துக்குக் கிளம்பியிருப்பார்னு மட்டும் சொல்லிட்டுப் பாயை விரிச்சா. அவ அன்னிக்கு வேலைக்குப் போயிருந்தா, வீட்டுல நடந்தது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

மறுநாள் காலையில நான் வயலுக்குப் போனேன். ரெண்டு நாள் மழையில வாய்க்கால் பக்கத்து வரப்பு உடைஞ்சு, மேலுரம் போட்ட தண்ணி பூரா வெளியில போய்க்கிட்டிருந்துச்சு, உன் மாமா முட்டி அளவு சேத்துல நின்னு மண்ணு வெட்டிப் போட்டு அடைச்சுக்கிட்டிருந்தான். என்னைப் பாத்துட்டு, வழுக்கும்க்கா, அங்கயே நில்லுன்னான். நின்னேன். நீ எழுதினதை நேத்துத்தான்டா படிச்சேன், பத்து மாசமா நான் அதைப் பாக்கவே இல்லைன்னு சொன்னேன். அவன் வெட்டுறதை நிறுத்தலை. பாப்பா அன்னிக்கே படிச்சிருச்சேக்கா, திருத்திக்கூடக் குடுத்துச்சேன்னான். கோவமாச் சொல்லலை, அதுதான் எனக்குத் தாங்கலை. அப்புறம் நிமிந்து சொன்னான், "எழுத்துக்குப் பதில் வந்துருச்சுக்கா. நான் கேட்டதுக்குத்தான் வரலை." அதுக்கு மேல அவனே பேச்சை மாத்தி, பத்திரிகை அடிக்கப் போறோம், பாப்பா பேரையும் மாப்பிள்ளை பேரையும் எப்படிப் போடணும்னு கேட்டு எழுதி வாங்கிக் குடு, நான் ஏதாவது தப்பாப் போட்டுத் தொலைச்சிடப் போறேன்னான். அதைச் சொல்றப்ப மட்டும் கொஞ்சம் சுருக்குன்னுதான் சொன்னான்.

அப்ப நான் இது வரைக்கும் பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்டகூடச் சொல்லாததைச் சொன்னேன். உனக்கும் சொல்றேன். அன்னிக்கு உன் மாமா போன் வந்தப்ப நான் அங்கதான் இருந்தேன். ரெமி சரி மாமான்னு சொல்லி போனை வச்சுட்டு, நாற்காலியில உக்காந்துட்டான். மழை விடட்டும்மா, இந்த மழையில வண்டி ஓட்ட முடியாதுன்னு சொன்னான். அவன் போறதா இல்லை, ஃபிளோரா. நான்தான் முக்காலியைப் போட்டு ஏறி, பரண்லேருந்து தார்ப்பாயை இழுத்து, எலிப் புழுக்கையைத் தட்டி, மடிச்சு அவன் மடியில கொண்டாந்து வச்சேன். மாமாவோட ஒரு வருஷத்துப் பாடு அங்க நனையுது, நீ இங்க கால் மேல கால் போட்டு உக்காந்திருக்கியேடான்னு சொன்னேன். இந்த வார்த்தையைத்தான் சொன்னேன். அவன் எழுந்து சட்டையை மாட்டிக்கிட்டு வண்டியை எடுத்தான். உன் மாமா வான்னு சொன்னதுக்கு அவன் கிளம்பலை. நான் சொன்னதுக்குத்தான் கிளம்பினான். அடக்கத்தன்னிக்கு எல்லாரும் உனக்கு என்னம்மா, தங்கமான பிள்ளை, மாமனுக்கு ஒண்ணுன்னா ஓடுவான்னு சொன்னப்ப நான் ஆமாம் ஆமாம்னு தலையை ஆட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். பெத்தவ வாயைத் திறக்காம இருந்துட்டேன், அவன் எழுதத் தெரியாத கையால அத்தனை பேர் பாக்க எழுதிட்டான்.

நான் சொல்லி முடிச்சதும் உன் மாமா மண்வெட்டியை ஊன்றிட்டு அந்தச் சேத்துலயே நின்னான். தண்ணி போய்க்கிட்டே இருந்துச்சு, ரெண்டு பேரும் அதைப் பாத்துக்கிட்டு நின்னோம். அவன் அழுவான், இல்லாட்டி என்னைத் திட்டுவான்னு நெனச்சேன். அவன் வரப்புக்கு ஏறி வந்து, கையை வேட்டியில துடைச்சுட்டு, "இதை வேற யார்கிட்டயும் சொல்லாதக்கா. அது என் பேர்லயே இருந்துட்டுப் போகட்டும்"னு சொன்னான். அப்புறம் இறங்கி அடைக்க ஆரம்பிச்சுட்டான். நானும் புடவையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு மண்ணு அள்ளிக் குடுத்தேன், எவ்வளவு நாளாச்சு வயல்ல இறங்கி. வருஷப் பூசைக்கு முன்வரிசைக்கு வாடான்னு கூப்பிட்டேன். கோயிலுக்கு வரேன், அந்தப் போன் குரூப்புக்கு மட்டும் கூப்பிடாதேன்னான்.

அவன் சொல்லாதேன்னான், நான் உனக்குச் சொல்லிட்டேன். சகாயமேரிக்கும் இந்த வாரத்துக்குள்ள சொல்லிடணும், எப்படின்னு தெரியலை, சொல்லித்தான் ஆகணும். உடம்புல தெம்பு இல்லை பாப்பா, இதைச் சுமந்துக்கிட்டு இன்னொரு வருஷம் என்னால உக்காந்திருக்க முடியாது. நீயும் மாப்பிள்ளையும் போட்ட சண்டைக்கு எனக்குத் தெரிஞ்ச பதில் இதுதான். ஆபீஸ்ல எழுத்து சரியா இருக்கணும், ஆஸ்பத்திரியில சரியா இருக்கணும், சகாயமேரி படுற பாட்டைப் பாத்தப்புறம் அதை நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா உன் மாமா எழுதினது எனக்கே புரிஞ்சுது. நீ எழுதினதுல ஒரு தப்பு கிடையாது. அப்படி இருந்தும் ஒரு மனுஷன் பத்து மாசம் பேனாவைத் தொடலை. அதனால முதல்ல ஆள் என்ன சொல்றான்னு கேட்டுக்கணும், மத்ததெல்லாம் அப்புறம் நாலு நாள் கழிச்சுகூடப் பாத்துக்கலாம். மாமாவுக்கு நீ எழுது. போன் பண்ணாதே, பண்ணினா பிரின்ஸிகிட்ட குடுத்துட்டு வெளியில போயிடுவான். குரூப்புல போடாதே, அவன் நம்பருக்குத் தனியா எழுது. சின்னதா எழுது, எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். நீ எப்பவும் எழுதுற மாதிரி சரியாவே எழுது. அவன் மனசு ஆறட்டும்னு வேணும்னே தப்பாக் கிப்பா எழுதிடாதே, அவனுக்குத் தெரிஞ்சுடும், அது இன்னும் கேவலம். நல்ல வார்த்தைதான் எழுதணும்னு நான் சொல்லலை. உனக்கு மன்னிக்க முடியலைன்னா அதையே எழுது, அவன் தாங்கிக்குவான். ஒண்ணும் வராம இருக்கிறதைத்தான் அவனால தாங்க முடியலை.

ஜனவரி இருபத்தேழு திங்கட்கிழமை காலை ஆறு மணிப் பூசை ரெமிக்கு. அங்க அந்த நேரம் உனக்கு நடு ராத்திரியா இருக்கும், முழிச்சிருக்க வேண்டாம், மறுநாள் கோயிலுக்குப் போய் ஒரு மெழுகுவத்தி ஏத்தினா போதும். கல்யாணத்துக்கு லீவு கிடைக்குமான்னு இப்பவே கேட்டு வை. பத்திரிகையில போட உங்க ரெண்டு பேர் பேரையும் எழுதி அனுப்பு. இரும்புச் சத்து மாத்திரையை விடாமப் போடு, மாப்பிள்ளையை மழையில வேகமா வண்டி ஓட்ட வேண்டாம்னு நான் சொன்னேன்னு சொல்லு. ஆண்டவர் உங்க ரெண்டு பேரையும் தன் கையில வச்சுக் காப்பாத்தட்டும், மாதா உங்க கூடவே இருக்கட்டும்.

மாமாவுக்கு எழுதுறப்ப எனக்குன்னு தனியா எழுத வேண்டாம். அவன் கேட்ட அந்த ஒரு வார்த்தையைத்தான் நானும் கேக்குறேன், ரெண்டு பேருக்கும் ஒரே பதில் போதும். அது என்னவா இருந்தாலும் அவன் படிச்சுட்டு எனக்கு வந்து சொல்லட்டும்.

உன் பதிலுக்காக இருக்கும்
அம்மா
ஆரோக்கியம்